போர்ன்வில்ல குடியிருந்த அனுபவம் இருந்தா சொல்லுங்க (பர்மிங்ஹாம்)

நாங்க இருக்கறது போர்ன்வில், அதான் கேட்பரி சாக்லேட் ஃபேக்டரி ஊரு. ஸ்டேஷனே ஊதா கலர்லதான் இருக்கும், காத்து நம்ம பக்கம் அடிச்சா துணி காயப்போடறப்போ கோகோ வாசனை தூக்கும், வர்ற சொந்தக்காரங்க எல்லாம் இதத்தான் முதல்ல கேப்பாங்க. ஆனா இங்க வாழ்றதுக்கும் அதுக்கும் பெருசா சம்பந்தம் இல்ல, ஊர நடத்தறது வேலிச்செடிதான்னு சொல்லுவேன் 😄

வந்த புதுசுல முன்னாடி இருந்த வேலிச்செடிய எடுத்துட்டு கார் நிறுத்த இடம் பண்ணலாமான்னு என் வீட்டுக்காரர் டேப் வச்சு அளந்துட்டு இருந்தாரு, பக்கத்து வீட்டுத் தாத்தா மெதுவா வந்து, தம்பி டிரஸ்ட்டுக்கு (இந்த ஊர நிர்வாகம் பண்ற அறக்கட்டளை) எழுதிக் கேட்டுட்டீங்களான்னாரு. ஜன்னல் மாத்தணும்னாலும் அவங்க சம்மதம் வேணுமாம். ஜார்ஜ் கேட்பரி 1893ல நிலத்த வாங்கி வீடு கட்ட ஆரம்பிச்சு, 1900ல எல்லாத்தையும் டிரஸ்ட் கைல குடுத்துட்டாரு, கம்பெனி ஆளுங்களுக்கு மட்டும்னு இல்லாம வெளியாளுங்களுக்கும் வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் தோட்டம், அதுல பழமரம். அந்தத் தாத்தா வீட்டு ஆப்பிள் செம புளிப்பு, வருஷா வருஷம் பை நிறைய குடுப்பாரு, நான் ஊறுகா போட்டு பாட்டில்ல திருப்பிக் குடுப்பேன், மனுஷன் அத சீஸ் சாண்ட்விச்சுக்குள்ள வச்சு சாப்பிடறாரு!

அப்புறம் பப். கேட்பரி குடும்பம் குவேக்கர்ங்கற கிறிஸ்தவப் பிரிவு, குடிக்கு எதிரி, அதனால எஸ்டேட்டுக்குள்ள, அதாவது இந்தக் குடியிருப்புக்குள்ள, பப்பே கிடையாது. ஒரு சனிக்கிழம கோட்டு சூட்டு போட்ட நாலு பசங்க, ஏதோ கல்யாணத்துக்கு வந்தவங்க போல, பக்கத்துல பப் எங்கன்னு என்கிட்ட கேட்டாங்க. பக்கத்து ஏரியா ஸ்டர்ச்லி வரைக்கும் நடக்கணும்னேன், ஒருத்தன் அப்படியே புல்லுல உக்காந்துட்டான்.

---

அக்கா சொன்னது கரெக்ட். ஸ்டர்ச்லி பெர்ஷோர் ரோட்டுக்குப் போயிட்டா பப்புக்குப் பஞ்சமே இல்ல, தடை என்னமோ கோடு போட்ட மாதிரி அங்கயே முடிஞ்சுடும். நான் முன்னாடி கிரீனுக்கு (ஊர் நடுவுல இருக்கற புல்வெளி) பக்கத்துல வாடகைக்கு இருந்தேன், அங்க ஸ்கூல் கோபுரத்துல கரிலான் இருக்கு, அதாவது 48 கோபுர மணிங்கள வச்சு பாட்டு வாசிக்கற கருவி, சனிக்கிழம மதியம் முழுப் பாட்டே வாசிப்பாங்க, நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு தூங்கறவனுக்கு அது சங்கீதம் இல்லீங்க. வேலை க்யூஈ (குயின் எலிசபெத்) ஆஸ்பத்திரினா மட்டும் யோசிக்காம இங்க வீடு எடுங்க, யுனிவர்சிட்டி ஸ்டேஷன் ரயில்ல ரெண்டாவது ஸ்டாப். ஸ்கூல் லீவுல கேட்பரி வேர்ல்ட் (சாக்லேட் பத்தி சுத்திப் பாக்கற இடம்) பக்கம் கார் எடுக்காதீங்க, அவ்ளோதான்.