டிக்கெட் ஆறு பேருக்கு, முகவரி ஒன்றுதான்: கிளாஸ்டன்பரி தபாலுக்குக் காத்திருந்த அனுபவம்

இங்கிலாந்தில் நடக்கும் கிளாஸ்டன்பரி இசை விழாவின் டிக்கெட் தபாலில் வருமா வருமா என்று காத்துக் கிடந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். என் அனுபவத்தை முதலில் எழுதுகிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள். எங்களுடைய காத்திருப்பு 2019 அக்டோபரில் தொடங்கி 2022 மே மாதத்தில்தான் முடிந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

இதுவரை போகாதவர்களுக்காக ஒரு விஷயம். இந்த டிக்கெட்டை நினைத்த நேரத்தில் வாங்கிவிட முடியாது. முதலிலேயே பெயர், முகவரி, புகைப்படம் எல்லாம் கொடுத்துப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். விற்பனை நாளன்று ஒருவர் கணினி முன் உட்கார்ந்து தன்னையும் சேர்த்து ஆறு பேருக்கு எடுக்கலாம். அன்றைக்கு முன்பணம் மட்டும், மீதியை ஏப்ரல் முதல் வாரத்தில் கட்ட வேண்டும். விழா ஜூன் கடைசியில். அதற்குச் சில வாரங்கள் முன்னால் டிக்கெட் தபாலில் வரும், ஒவ்வொன்றிலும் அவரவர் முகம் அச்சடித்து. வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது. எல்லா டிக்கெட்டும், எடுத்தவர் எவரோ அவருடைய முகவரிக்கே வரும். ஆகவே ஆறு குடும்பங்களின் கவனமும் ஒரே வீட்டு வாசலில்தான் இருக்கும். எங்கள் குழுவில் அது என் வீட்டு வாசல்.

2020 விழா ஐம்பதாவது ஆண்டு என்பதால் கூட்டம் அலைமோதியது. 34 நிமிடத்தில் மொத்த டிக்கெட்டும் தீர்ந்துபோனது. எனக்கு எப்படிக் கிடைத்தது என்று இன்றும் தெரியவில்லை, பக்கம் திறந்தது, கை நடுங்க நடுங்க ஆறு பதிவு எண்களையும் போட்டு ஆளுக்கு 50 பவுண்டு கட்டினேன். அடுத்த மாதமே பீட்டில்ஸ் இசைக்குழுவில் பாடிய பால் மெக்கார்ட்னி வருகிறார் என்று அறிவிப்பு வந்தது. மே மாதம் தபால் வந்துவிடும், ஜூனில் போகிறோம் என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் கொரோனா. 2020 மார்ச் 18 அன்று விழா ரத்து. முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம், வேண்டுமானால் அடுத்த வருடத்துக்கு அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நாங்கள் வைத்துக்கொண்டோம். 2021 ஜனவரியில் அந்த வருடமும் இல்லை என்றார்கள். சரி, இன்னொரு முறையும் வைத்துக்கொண்டோம்.

அதற்குள் குழு கரைந்துவிட்டது. கூட வேலை பார்த்த ஒருவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார், என் தோழிக்குக் குழந்தை பிறந்துவிட்டது. இருவரும் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அந்த இடத்துக்கு என் தங்கையைச் சேர்க்க முடியுமா என்று பார்த்தால், வழியே கிடையாது. பெயர் மாறாது, படம் மாறாது. எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஆனால் இந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். இது மட்டும் இல்லையென்றால் பாதி டிக்கெட் நான்கு மடங்கு விலைக்குத்தான் கிடைக்கும்.

2022 ஏப்ரலில் மீதி 220 பவுண்டு கட்டினோம். இனிமேல்தான் நான் எழுத வந்த பகுதி. இடைப்பட்ட காலத்தில் நான் வீடு மாறியிருந்தேன். முகவரியை மாற்றிக்கொள்ளக் கொடுத்த கெடுவுக்குள் மாற்றி, மாற்றியாகிவிட்டது என்று மின்னஞ்சலும் வந்து, அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டும்கூட, மே மாதம் பிறந்ததிலிருந்து மச்சானுக்குத் தூக்கம் இல்லை. "அக்கா, பழைய வீட்டுக்குப் போயிருந்தால்?" என்று காலையில் ஒரு செய்தி, "அக்கா, இன்றைக்குத் தபால்காரர் வந்தாரா?" என்று மதியம் ஒரு செய்தி. எனக்கும் உள்ளூர அதே பயம்தான். பழைய வீட்டுக்கே போய், இப்போது குடியிருக்கும் பெண்ணிடம் என் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் பெண் அதைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தார், நல்ல மனசு.

அலுவலகத்தில் இன்னொருவருக்கு முன்னதாகவே வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்புவதில்லை, பகுதி பகுதியாகத்தான் அனுப்புகிறார்கள். இது தெரிந்திருந்தாலும், பக்கத்து மேசையில் உறையைப் பார்த்தவுடன் வயிறு கலங்கத்தான் செய்கிறது. இணையத்தில் வேறு ஆளாளுக்கு டிக்கெட் படத்தைப் போடுகிறார்கள். தயவுசெய்து பார்கோடு தெரிகிற மாதிரி யாரும் படம் போடாதீர்கள்.

கையில் கொடுத்துவிட்டுப் போகிற தபால் அது, கதவு ஓட்டை வழியாகப் போட்டுவிட்டுப் போக மாட்டார்கள். பகலில் எங்கள் வீட்டில் அம்மா மட்டும்தான் இருப்பார், தனியாக இருக்கும்போது அவர் யாருக்கும் கதவைத் திறக்க மாட்டார். அதுவும் நான் சொல்லிக்கொடுத்த பழக்கம்தான். இப்போது அதே அம்மாவிடம், சிவப்புச் சட்டை போட்ட தபால்காரர் வந்தால் திற, பெயர் கேட்டால் என் பெயரைச் சொல் என்று தினமும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஒரு வியாழக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தால், சாமி படத்துக்கு முன்னால் அந்த உறை இருந்தது. பிரிக்கவே இல்லை. பக்கத்தில் ஒரு பூ வேறு. "இவ்வளவு நாள் இதற்காகத்தானே தவித்தாய், நீயே பிரி" என்றார். குழுவில் எல்லோரையும் வீடியோ அழைப்பில் வரவைத்து அதன் பிறகுதான் பிரித்தேன். நான்கு டிக்கெட், நான்கு முகம். 2019க்கு முன்னால் கொடுத்த படங்கள், சித்தி மகனுக்குத் தோள் வரை முடி, இப்போது ஒட்ட வெட்டியிருக்கிறான். "வாசலில் விடுவார்களா?" என்று அதற்கு ஒரு கவலை. விட்டார்கள். படத்தையும் ஆளையும் இரண்டு முறை பார்த்தார் அந்தப் பெண், அவ்வளவுதான்.

மெக்கார்ட்னி அறிவித்தபோது அவருக்கு 77 வயது. ஜூன் 25 இரவு மேடையில் பார்த்தபோது 80 முடிந்து ஒரு வாரம். நடுவில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் மேடைக்கு வந்தபோது மச்சான் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

* * *

அக்கா, படிக்கப் படிக்க எங்கள் வீட்டு மே மாதம் ஞாபகம் வந்தது. எங்களுடையது வேறு மாதிரி. நாங்கள் எடுத்தது பேருந்தோடு சேர்ந்த டிக்கெட். அது பொது விற்பனைக்குச் சில நாள் முன்னால், வியாழக்கிழமை மாலையில் விற்பார்கள். அதில் தபாலில் வருவது பேருந்து டிக்கெட் மட்டும்தான், விழா டிக்கெட்டைப் பேருந்தில் வைத்துத்தான் தருவார்கள். இதைக் கணவர் வீட்டாருக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு! மாமா தினமும் "ஊரெல்லாம் வந்துவிட்டதாமே, உங்களுக்கு ஏன் வரவில்லை, ஏமாந்துவிட்டீர்களா?" என்று கேட்பார். பேருந்தில் ஏறி, விழா நடக்கும் சாமர்செட் பக்கம் வயல்களும் கல்வேலிகளும் வரத் தொடங்கி, ஒருவர் பட்டியலோடு எழுந்து ஒவ்வொரு இருக்கையாக வந்து முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. விழா டிக்கெட்டுக்காக வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பதால் பேருந்து டிக்கெட்டைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். பகலில் வேலைக்குப் போகிற தம்பதிக்கு அதுதான் சரி.

* * *

என்னுடையது நல்லபடியாக முடிந்த கதைதான், ஆனால் நடுவில் பட்டதை எழுதுகிறேன். எங்கள் உறை வரவே இல்லை. கொடுத்தாகிவிட்டது என்று இணையத்தில் காட்டுகிறது, வீட்டில் இல்லை. அடுக்குமாடியில் எத்தனை கதவு தட்டியிருப்பேன் தெரியாது, கீழ்த்தளத்துப் பெரியவர், மேல் வீட்டு மாணவர்கள், யாரிடமும் இல்லை. விற்றவர்களுக்கு எழுதினால் தானாக வரும் பதில்தான் வந்தது. என் நண்பர்கள் யாரும் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அவர்கள் பணமும் அவர்கள் விடுப்பும் என் முகவரியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. விடாமல் எழுதி, கடைசியில் பழைய டிக்கெட்டுகளை ரத்து செய்து, விழா நடக்கும் இடத்திலேயே வாங்கிக்கொள்ளும்படி மாற்றிக் கொடுத்தார்கள். கடவுச்சீட்டு, பணம் கட்டிய கார்டு, மின்னஞ்சல்களின் அச்சுப் பிரதி எல்லாம் கொண்டுபோனேன். டிக்கெட் தொலைந்தால் எல்லாம் போயிற்று என்று நினைக்காதீர்கள், படம் போட்டுப் பதிவு செய்திருப்பதால் நீங்கள்தான் நீங்கள் என்று நிரூபிக்க முடியும். ஆனால் விழா வாரம் வரை தள்ளிப்போடாமல் உடனே எழுதத் தொடங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் எல்லோருமே அந்தக் கவுண்டரில்தான் வாங்குகிறார்கள், அவர்களுக்குத் தபால் கிடையாது. எனக்கு முன்னால் வரிசையில் நின்ற ஆஸ்திரேலியத் தம்பதி எங்களைவிட நிம்மதியாக நின்றார்கள்.

* * *

பிள்ளைகளே, நான் 90களில் போனவன். அப்போது டிக்கெட்டில் முகமும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் காகிதம். வேலியைத் தாண்டி வருகிறவர்கள் ஏராளம். 2000இல் ஒரு லட்சம் பேருக்கு அனுமதி வாங்கிய இடத்தில் இரண்டரை லட்சம் பேர் இருந்திருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன், மேடைக்கு முன்னால் மூச்சு விட இடமில்லாமல் ஒரு பெண்ணை எல்லோரும் தலைக்கு மேலே தூக்கி வெளியே அனுப்பியதைப் பார்த்தேன். 2001இல் விழாவே நடக்கவில்லை, 2002இல் பெரிய இரும்பு வேலி வந்தது, 2007இல் புகைப்படப் பதிவு வந்தது. நீங்கள் எல்லோரும் தபாலுக்குத் தவிக்கிறீர்களே, அந்த முகம் அச்சடித்த காகிதம் வந்த பிறகுதான் என் மகளைத் தைரியமாக அனுப்பினேன். மைக்கேல் ஈவிஸ் 1970இல் தன் பண்ணையில் முதன்முதலாக நடத்தியபோது நுழைவு ஒரு பவுண்டு, கூடவே பண்ணைப் பால் இலவசம். அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

* * *

முதல் பதிவை எழுதிய அக்காதான் மறுபடி எழுதுகிறேன். ஐயா, உங்கள் பதிவைப் படித்தபின் அந்த விதிகள் மேல் எனக்கு இன்னும் மரியாதை வருகிறது. உறை வராத கதையை எழுதியவருக்கும் நன்றி, எனக்கு நடந்திருந்தால் நான் உடைந்துபோயிருப்பேன்.

அடுத்த விழாவுக்கு யார் பெயரில் எடுப்பது என்று தனிச் செய்தியில் கேட்ட தங்கைக்கு இங்கேயே பதில் சொல்கிறேன். 2026இல் நிலத்துக்கு ஓய்வு, விழா இல்லை, ஆகவே 2027க்குத் தயாராக நேரம் இருக்கிறது. யாருக்கு வேகமான இணையம் இருக்கிறது என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். நான் அதைப் பார்க்க மாட்டேன். விற்பனையன்று ஆறு பேரும் தனித்தனியாக முயற்சி செய்யத்தான் போகிறீர்கள், யாருக்குத் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் முன்னாலேயே உட்கார்ந்து பேசுங்கள்: யார் வாடகை ஒப்பந்தம் அடுத்த வசந்தத்தில் முடிகிறது, யார் வீட்டில் பகலில் ஆள் இருக்கிறது, யார் மே மாதம் ஊருக்குப் போகிறார். வீடு மாறப்போகிறவருக்குத் திறந்துவிட்டால், முகவரி மாற்றும் கெடுவை அவர் மட்டும் அல்ல, ஆறு பேரும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் மீதிப் பணத்தையும் அப்படியே. கெடுவுக்குள் கட்டாவிட்டால் டிக்கெட் திரும்பப் போய் மறுவிற்பனைக்கு வந்துவிடும்.

நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன், உங்கள் நாத்தனார் வீட்டில் மாமியார் எப்போதும் இருக்கிறார் என்கிறீர்கள். அவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள், கதவைத் திறப்பாரா என்று.