பாரிஸ் உடன்பாட்டை மீறும் நாட்டைத் தட்டிக் கேட்க ஏன் வழியில்லை?

கேள்வி (வாழை விவசாயி, ஸ்ரீவைகுண்டம்):
துபாய் காலநிலை மாநாடு 2023 டிசம்பர் 13 அன்று முடிந்தது. அடுத்த சில நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்ட, தாமிரபரணி கரைகடந்து எங்கள் வாழைத் தோட்டங்களை மூழ்கடித்தது. அந்த மழை முழுவதையும் புவி வெப்பமாதலின் கணக்கில் எழுத நான் முற்படவில்லை. ஆனால் அம்மாநாட்டின் முதல் நாளிலேயே காலநிலைப் பேரிடர்களால் பாதிக்கப்படும் வளரும் நாடுகளுக்கு உதவும் இழப்பு, சேத நிதியத்தை நடைமுறைப்படுத்த முடிவெடுத்தார்கள் என்று படித்தேன். வாக்களித்ததைச் செய்யாத நாட்டைத் தட்டிக் கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லையா?

மறுமொழி 1 (பாளையங்கோட்டை):
இல்லை, அண்ணாச்சி. அந்த அதிகாரத்தை விலக்கிவிட்டுத்தான் புவி வெப்பமாதலைக் கட்டுப்படுத்த 2015இல் உலக நாடுகள் செய்த பாரிஸ் உடன்பாட்டையே எழுதினார்கள். 1997ஆம் ஆண்டின் கியோட்டோ நெறிமுறை வளர்ந்த நாடுகளுக்கு, புவியை வெப்பமாக்கும் வளிகளின் உமிழ்வைக் குறைக்கக் கட்டாய இலக்கு விதித்தது. அமெரிக்கா அதை ஏற்புறுதி செய்யவே இல்லை, கனடா பின்னர் விலகியது. ஆகவே பாரிஸில் ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே வகுத்துக்கொள்ள விட்டார்கள். இலக்கை அறிவிப்பதும் ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பிப்பதும் கடமை. எட்டத் தவறினால் தண்டனை எதுவும் இல்லை.

மறுமொழி 2 (கயத்தாறு):
பணத்தையும் சொல்ல வேண்டும். வளரும் நாடுகளின் காலநிலைப் பணிகளுக்கென 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டுவதாக 2009இல் கோபன்ஹேகனில் வளர்ந்த நாடுகள் கூறின. அந்தத் தொகை 2022இல்தான் எட்டப்பட்டது, அதிலும் பெரும்பகுதி கடன். வட்டியோடு திருப்பித் தர வேண்டியதை உதவி என்று எண்ணுவது எனக்கு ஏற்புடையதன்று. எங்கள் ஊரைச் சுற்றி நிற்பவை போன்ற காற்றாலைகளில் செலவின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே விழுவதால், வட்டி உயர்ந்த ஏழை நாடுகளில் அவற்றை நிறுவுவதே கடினமாகிறது. நீங்கள் குறிப்பிட்ட நிதியத்துக்குத் துபாயில் உறுதியளிக்கப்பட்டது உலகம் முழுமைக்கும் சேர்த்து 70 கோடி டாலரை ஒட்டிய தொகைதான். அதுவும் விருப்பக் கொடையே. உடன்பாட்டில் இழப்பு, சேதம் பற்றிய பிரிவு இழப்பீடு கோர அடிப்படையாகாது என்று, அதை ஏற்ற பாரிஸ் மாநாட்டு முடிவிலேயே வெளிப்படையாக எழுதிவிட்டார்கள்.

மறுமொழி 3 (அம்பாசமுத்திரம்):
உலக ஒத்துழைப்பே இயலாது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மாண்ட்ரியல் நெறிமுறை வென்றது. அதில் சேராத நாடுகளோடு ஓசோனை அழிக்கும் பொருள்களின் வணிகத்துக்குத் தடை இருந்தது, வளரும் நாடுகளின் மாற்றுச் செலவுக்குத் தனி நிதியமும் இருந்தது. அங்கே மாற்ற வேண்டியவை சில வேதிப்பொருள்கள். இங்கே நிலக்கரியும் பெட்ரோலியமும். கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் 2021இல் நிலக்கரிப் பயன்பாட்டைக் கைவிடுவது பற்றிய வாசகத்தைத் தளர்த்தக் கோரியவர்களுள் நம் நாடும் ஒன்று என்பதை நாம் மறைக்கக் கூடாது. இப்போது ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியாகும் இரும்பு, சிமெண்ட் போன்றவற்றின் கரிம உமிழ்வுக்கு விலை வைக்கிறது. தட்டிக் கேட்கும் கருவி பிறந்துவிட்டது. அது பெருஞ்சந்தை உடையவர்களின் கையில் மட்டும் இருப்பதும், தாமிரபரணிக் கரையில் வாழை இழந்தவருக்கு அப்படியொரு கருவி இல்லாததும்தான் அநீதி.