தோளில் வந்த ‘எழுத்து’

பத்து வருடங்களுக்கு முன்னால், எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஐயாவைப் பார்க்கப் போயிருந்தேன். பேச்சு புதுக்கவிதைப் பக்கம் திரும்பியதும் எழுந்து போய் ஒரு துணிக்கட்டை எடுத்து வந்தார். உள்ளே ‘எழுத்து’ பத்திரிகையின் பழைய இதழ்கள். “பார்த்துப் புரட்டுப்பா, ஓரமெல்லாம் பொடியுது” என்றார்.

அவர் கல்லூரியில் படித்தபோது வாங்கியவை. விற்க வந்தவர் அதை நடத்திய சி.சு. செல்லப்பாவே. கதர் வேட்டி, தோளில் புத்தக மூட்டை. “பத்திரிகை ஆசிரியரே இப்படி வருவார்னு நான் நினைக்கல. அவரே மூட்டையைப் பிரிச்சார், அவரே சில்லறை எண்ணிக் கொடுத்தார்” என்று சொல்லும்போது ஐயாவின் குரல் கம்மியது.

1959 ஜனவரியில் செல்லப்பா ‘எழுத்து’வைத் தொடங்கியது முக்கியமாக விமர்சனத்துக்காகத்தான். ஆனால் முதல் இதழிலேயே ந. பிச்சமூர்த்தியின் ‘பெட்டிக்கடை நாரணன்’ என்ற புதுக்கவிதை வந்தது. அதைப் படித்த இளைஞர்கள் யாப்பை விட்டு எழுதத் துணிந்தார்கள். பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி, சி. மணி, எஸ். வைத்தீஸ்வரன் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பெரிய பத்திரிகைகள் இதையெல்லாம் கவிதை என்றே ஒப்புக்கொள்ளாத காலம் அது. சி. மணியின் ‘நரகம்’ போன்ற நீண்ட கவிதைக்கு அன்றைக்கு வேறு யார் இடம் கொடுத்திருப்பார்கள்? 1962இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் திரட்டி ‘புதுக்குரல்கள்’ என்று தொகுப்பும் போட்டார். மாத இதழ் கடைசியில் காலாண்டிதழாகி, 1970இல் 119 இதழ்களோடு நின்றது. கைக்காசைப் போட்டு ஒரு மனிதர் இத்தனை வருடம் இழுத்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

சரி, அந்தக் கட்டுக்கு வருகிறேன். இதழைத் தைத்திருந்த கம்பி துருப்பிடித்து, தாளில் பழுப்பு வட்டமாக இறங்கியிருந்தது. ஒரு பக்கத்தில் தருமு சிவராமு என்ற பெயருக்குப் பக்கத்தில், மாணவராக இருந்த ஐயா பென்சிலால் ‘யார் இவர்?’ என்று எழுதியிருந்தார். பிற்பாடு பிரமிள் என்று நாம் கொண்டாடிய கவிஞர்தான். அப்போது இருபதைத் தாண்டியிருந்தாலே அதிகம். நாலைந்து இதழ் தள்ளி அதே பெயர், அதே பென்சில் எழுத்து: ‘திருகோணமலையாம்.’ அதற்குக் கீழே இரண்டு கோடு அழுத்திப் போட்டிருந்தார். தாளின் மறுபக்கம் தடவினால் அந்தக் கோடு இன்னும் விரலில் தட்டுப்பட்டது.