எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு லீவு: ஆபீஸில் யாரிடம், எவ்வளவு சொல்வது?

கேட்டவர்: இளவேனில்_கே

அடுத்த மாதக் கடைசியில் ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமிக்கு (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துச் சிறிதாக்கும் ஆபரேஷன்) தேதி வாங்கியாயிற்று. மூன்று வாரம் லீவு போடச் சொல்லியிருக்கிறார்கள். உட்கார்ந்து செய்யும் வேலைதான். எட்டுப் பேர் டீம், மதியம் எல்லோரும் ஒரே மேஜையில் சாப்பிடுவோம். வீட்டில் தெரியும், ஆபீஸில் யாருக்கும் தெரியாது.

லீவு விண்ணப்பத்தில் காரணம் என்ன எழுதுவது? மேனேஜர் நேரில் கேட்டால் எதுவரை சொல்ல வேண்டும்? டீமில் கேட்டால் "பித்தப்பை ஆபரேஷன்" என்று சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன். அது எடுபடுமா? என் எடையைப் பற்றி ஆபீஸில் பேச்சு எழுவதே எனக்குப் பிடிக்காது. ஆனால் திரும்பி வந்த பிறகு எப்படியும் கண்ணில் படும் என்பதும் தெரிகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மனிதவளம்_மேசை

முதலில் காகிதங்களைக் கவனியுங்கள். இந்த மாதிரி விஷயங்கள் பெரும்பாலும் கசிவது மின்னஞ்சல் இணைப்புகளில்தான்.

உங்கள் கைக்கு மூன்று காகிதங்கள் வரும்: லீவுக்கான மருத்துவச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, வேலைக்குத் திரும்பத் தகுதிச் சான்று. ஆபீஸுக்குப் போக வேண்டியவை முதலாவதும் மூன்றாவதும் மட்டுமே. டிஸ்சார்ஜ் சம்மரியில் உயரம், எடை, பிஎம்ஐ, மாத்திரைப் பட்டியல் எல்லாம் இருக்கும். மேனேஜர் கேட்டாலும் அதை அனுப்பாதீர்கள். சான்றில் "லேப்ராஸ்கோப்பி முறையில் வயிற்று அறுவை சிகிச்சை, இத்தனை நாள் ஓய்வு தேவை" என்று எழுதித் தரச் சொல்லலாம். அது முழு உண்மை (லேப்ராஸ்கோப்பி என்றால் சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்வது), பெரும்பாலான மருத்துவர்கள் தயங்காமல் எழுதுவார்கள். ஆனால் இதை அறுவை சிகிச்சைக்கு முந்தைய ஆலோசனையிலேயே கேட்டுவிடுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் நேரத்தில் கேட்டால், டியூட்டி டாக்டர் ஃபைலில் இருப்பதை அப்படியே எடுத்து எழுதிவிடுவார்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. வாசகம் பொதுவாக இருக்கும், தாளின் தலைப்பிலோ மருத்துவரின் முத்திரையிலோ "பேரியாட்ரிக்" (எடை குறைப்பு சிகிச்சை) என்று இருக்கும். மருத்துவமனையின் பொதுத் தலைப்புத் தாளில், பொது முத்திரையோடு கேளுங்கள். கையில் வாங்கியதும் முத்திரையைப் படித்துப் பார்த்துவிட்டு நகருங்கள்.

நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் செலவு போகிறதென்றால், முன் அனுமதிப் படிவத்தில் அறுவை சிகிச்சையின் பெயர் இருந்தே தீரும். அதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்புங்கள், மனிதவளப் பிரிவின் பொது மின்னஞ்சலுக்கு நகல் போட வேண்டாம். லீவு மென்பொருளில் இணைக்கும் கோப்பு யார் யார் கண்ணுக்குத் தெரியும் என்றும் முன்கூட்டியே கேளுங்கள். மேனேஜருக்குப் பதிலாக ஒப்புதல் தருபவருக்கும் சில இடங்களில் அது தெரியும். மருத்துவமனையில் ஆபீஸ் மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். 2 வாரம், 6 வாரம், 3, 6, 12 மாதம் என்று மறுபரிசோதனை நினைவூட்டல்கள் வந்து, எல்லோரும் பார்க்கும் நாட்காட்டியில் தானாக ஏறிவிடும்.

எழுத்தில் பொய்க் காரணம் மட்டும் கொடுக்காதீர்கள். "உடல்நலக் காரணம்" என்று எழுதுவதில் ஒரு சிக்கலும் இல்லை. இல்லாத நோயின் பெயரை எழுதினால் அது பின்னால் ஒழுங்கு நடவடிக்கை வரை போகலாம். நோயின் பெயரைத் தர வேண்டுமா, தேதியும் ஓய்வு நாட்களும் போதுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். உங்கள் லீவு விதியை ஒருமுறை படித்துவிடுங்கள். தந்தே ஆக வேண்டும் என்றிருந்தால் மனிதவளப் பிரிவுக்கு மட்டும், மூடிய உறையில்.

மேனேஜரிடம் இவ்வளவு போதும்: "வயிற்றில் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன். முன்கூட்டியே திட்டமிட்டதுதான், பயப்பட ஒன்றுமில்லை. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை வர மாட்டேன். வந்த பிறகும் சில வாரம் கனம் தூக்கக் கூடாது." சொன்ன கையோடு, உங்கள் வேலைகளை யார் யார் பார்ப்பார்கள் என்ற பட்டியலை எடுத்து வையுங்கள். அவருடைய கவலை பெரும்பாலும் அதுதான், பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். டாக்டர் மூன்று வாரம் என்றால் நீங்கள் நான்கு என்று கேளுங்கள். குமட்டலாலும் நீர்ச்சத்துக் குறைவாலும் திரும்ப மருத்துவமனைக்குப் போக வேண்டி வருவது அபூர்வம் இல்லை. லீவை நீட்டிக்கக் கேட்கும்போதுதான் கேள்விகள் கூடும்.

பதில்: வார்டு_செவிலி

காகித விஷயம் மேலே சொன்னபடிதான். ஆனா சகோதரி, நீங்க லீவை மட்டும் பார்க்கறீங்க. லீவு மூணு வாரம், அந்தச் சாப்பாட்டு மேஜை ஒரு வருஷம். இப்ப சொல்லப்போற வார்த்தை அந்த ஒரு வருஷத்துக்கும் தாங்கணும்.

அதுவும் ஆபரேஷனுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடும். கல்லீரல் சுருங்கறதுக்காகப் பெரும்பாலான இடங்கள்ல ரெண்டு வாரம் முன்னாடியே ஒரு நாளைக்கு 800 முதல் 1,000 கலோரி வரைக்கும்தான் குடுப்பாங்க, அதுவும் பெரும்பாலும் திரவமா. கொழுப்பு சேர்ந்து பெருத்த கல்லீரல் இரைப்பையை மறைச்சுக்கிட்டு நின்னா, கேமரா வழியா வேலை செய்ய இடம் கிடைக்காது. அந்த ரெண்டு வாரமும் நீங்க ஆபீஸ்லதான் இருப்பீங்க. எல்லாரும் டிபன் டப்பாவைத் திறக்கறப்போ நீங்க ஷேக்கரைத் திறந்தா, கேள்வி அன்னைக்கே வரும்.

பித்தப்பைன்னு சொல்றது எடுபடாது. லேப்ராஸ்கோப்பில பித்தப்பை எடுத்தவங்க பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல உட்கார்ந்த வேலைக்கு வந்துடுவாங்க, கொஞ்ச நாள்ல ஏறக்குறைய எப்பவும் போலச் சாப்பிடுவாங்க. அதைப் பண்ணிக்கிட்டவங்க எந்த ஆபீஸ்லயும் இருப்பாங்க, "எனக்கு இப்படி இல்லையே"ன்னு அக்கறையாத்தான் கேட்பாங்க. இன்னொண்ணு இதைவிட முக்கியம். உடம்பு வேகமா இளைக்கிறப்போ பித்தக்கல் உருவாக வாய்ப்பு அதிகம், அதனாலதான் பலருக்கு முதல் ஆறு மாசம் அர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரை எழுதறாங்க. அதையும் மீறிக் கல் வந்து நிஜமாவே பித்தப்பையை எடுக்க வேண்டி வந்தா, அப்ப எந்தக் காரணம் சொல்லி லீவு கேட்பீங்க?

சிலருக்கு ஹயாட்டல் ஹெர்னியாவும் (இரைப்பையோட மேல் பகுதி நெஞ்சுப் பக்கமா ஏறியிருக்கறது) இருக்கும், அதை ஸ்லீவ் பண்ணும்போதே சேர்த்துச் சரி பண்ணிடுவாங்க. உங்களுக்கும் அப்படி இருந்தா "ஹெர்னியா சரி பண்ணாங்க"ன்னு சொல்றது பொய்யே இல்லை. ஆனா சில சமயம் உள்ளே கேமரா விட்டுப் பார்த்த பிறகுதான் அது உறுதியாகும், அதனால முன்கூட்டி அதை நம்பிப் பேச வேண்டாம்.

நாலாவது வாரம் மேஜையில என்ன தெரியும்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு வேளைக்குக் கால் கப், மிஞ்சிப் போனா அரை கப் கூழ் மாதிரி உணவு. அதையும் 20, 30 நிமிஷம் எடுத்துச் சாப்பிடணும். சாப்பிடும்போது தண்ணி கிடையாது, முடிச்சு அரை மணி நேரம் கழிச்சுதான். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது போகணும், மடக் மடக்குன்னு குடிக்க முடியாது, அதனால நாள் முழுக்க பாட்டிலும் கையுமா இருப்பீங்க. மூணாவது மாசத்துக்கு மேல முடி கொட்டும், ஏசியில மத்தவங்களை விட அதிகமாக் குளிரும். "ஜீரணப் பாதையில ஒரு ஆபரேஷன், சாப்பாடு இனி டாக்டர் சொல்றபடிதான்" – இந்த ஒரு வாக்கியம் இத்தனைக்கும் பொருந்தும். வாயே திறக்காம இருந்தா மெல்லுற வாய்க்கு அவல் கிடைச்ச மாதிரிதான், கர்ப்பம்னும் புற்றுநோய்னும் அவங்களே கதை கட்டிப்பாங்க.

ஒரே ஒருத்தருக்கு முழு விஷயமும் தெரிஞ்சிருக்கணும்னு நான் அழுத்திச் சொல்வேன். பக்கத்து சீட்ல இருக்கற, வாய் இறுக்கமான ஒரு ஆள். தையல் போட்ட இடத்துல கசிவு வந்தா அது முதல் சில வாரத்துக்குள்ளதான் பெரும்பாலும் வரும், ஆனா சில சமயம் நீங்க சீட்டுக்குத் திரும்பின பிறகும் வரலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித் துடிப்பு 120-ஐத் தாண்டறது, காய்ச்சல், கூடிக்கிட்டே போற வயித்து வலி, இடது தோள்பட்டை வலி, தண்ணிகூடத் தங்காத வாந்தி – இதுல எது வந்தாலும் சர்ஜனுக்கு உடனே போன் பண்ணணும். சர்ஜனோட நம்பர் அந்தப் பக்கத்து சீட் ஆளோட போன்லயும் இருக்கட்டும். தலைவலின்னு யாராவது இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் நீட்டினா வாங்காதீங்க. இரைப்பையில புண் வரும், இரைப்பை பைபாஸ் (எடை குறைக்கற இன்னொரு வகை ஆபரேஷன்) பண்ணவங்களுக்கு இன்னும் ஆபத்து. பாராசிட்டமால் பொதுவாப் பரவாயில்லை.

இளவேனில்_கே

முன் இரண்டு வாரத்தை நான் யோசிக்கவே இல்லை. பித்தப்பைக் கதையை விட்டுவிட்டேன். இன்னும் இரண்டு கேள்வி. "எப்படி இவ்வளவு இளைச்சே?" என்று கேட்டால் "டயட், நடை" என்று சொல்லிவிடலாமா? வேலைக்குத் திரும்பி இரண்டு வாரத்தில் டீம் விருந்து வருகிறது, அதற்குப் போவதா வேண்டாமா?

பதில்: உணவாலோசகர்_தேன்மொழி

"டயட்டும் நடையும் மட்டும்" என்று சொல்லாதீர்கள். அடுத்த நாளே டயட் சார்ட் கேட்பார்கள். ஒருவர் அதை உண்மையென்று நம்பிப் பின்பற்றி, உங்களைப் போல இளைக்க முடியாமல் தன்னையே நொந்துகொள்வார். அது அவருக்குச் செய்யும் அநியாயம். "டாக்டர் மேற்பார்வையில் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறேன், அதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை" என்பது உண்மை, மரியாதையும் கெடாது. அதைச் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு, உடனே வேறு பேச்சு எடுங்கள். "எத்தனை கிலோ?" என்று கேட்டால் எண்ணைச் சொல்ல வேண்டாம். ஒருமுறை சொன்னால் மாதாமாதம் கணக்குக் கேட்பார்கள், எடை குறையாமல் நிற்கும் வாரங்களில் அந்தக் கேள்வி மிகவும் வலிக்கும்.

பிறகு எப்போதாவது முழுவதும் சொல்லத் தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள். முதல் ஆறு மாதம் எடை வேகமாக இறங்கும், 12 முதல் 18 மாதத்துக்குள் பெரும்பாலும் ஒரு நிலைக்கு வந்துவிடும். அதன் பிறகு சொல்பவர்களும் உண்டு. அப்போது பேச்சு உங்கள் கையில் இருக்கும். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. மறைக்க வேண்டும் என்பதற்காகவே மேஜைக்குப் போகாமல், தண்ணீர் பாட்டிலை வெளியே எடுக்காமல் இருந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தினம் 60 முதல் 80 கிராம் புரதம் சேர வேண்டிய காலத்தில் ஒரு வேளையை விட்டால், சின்ன இரைப்பையில் அதை அடுத்த வேளையில் ஈடுகட்ட முடியாது. மறைப்பதா, குடிப்பதா என்று வந்தால் குடியுங்கள்.

விருந்துக்குப் போகலாம். அது ஐந்தாறாவது வாரம், மென்மையான உணவுக் கட்டம். புரதத்தை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போங்கள். மேஜையின் ஓரத்தில் உட்காருங்கள், நடுவில் உட்கார்ந்தால் எல்லாப் பக்கமிருந்தும் பரிமாறுவார்கள். சின்னத் தட்டில் மென்மையான ஏதாவது இரண்டு மூன்று ஸ்பூன் வைத்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிடுங்கள். தட்டு காலியானால் அதை யாராவது நிரப்பப் பார்ப்பார்கள், கடைசி ஸ்பூனை மிச்சம் வையுங்கள். கேஸ் நிரப்பிய பானம் வேண்டாம். மதுவும் வேண்டாம், ஆபரேஷனுக்குப் பிறகு அது சட்டென்று தலைக்கு ஏறும். மூக்கில் நீர் வடிவதும் திடீர் விக்கலும் பலருக்கு வயிறு நிறைந்ததன் அடையாளம். அதன் பிறகு ஒரு வாய் வைத்தாலும் வாந்தி வரலாம். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, போன் வந்த மாதிரி எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். உள்ளே நுழையும்போதே கழிவறை எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.