பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற குதிரைக்கு எந்த வாய்க்கம்பி உறுத்தாது?

கேள்வி: ஆனைமலைத் தோப்பு

பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற 9 வயதுத் தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) ஆண் குதிரை ஒன்றை நான்கு மாதங்களுக்கு முன் எங்கள் தோப்புக்குக் கொண்டுவந்தோம். காயடிக்கப்பட்டவன், குணத்தில் மிகச் சாது. நடையில் எந்தத் தொல்லையும் இல்லை. ட்ராட் (துள்ளுநடை) தொடங்கியதும் தலையை உயர்த்தி வாயைத் திறக்கிறான். கேன்டரில் (மிதமான பாய்ச்சலில்) கடிவாள வாரைப் பிடித்தால், நிற்பதற்குப் பதிலாகக் கம்பியின் மேல் சாய்ந்து இன்னும் வேகமாக ஓடுகிறான். இடப்பக்கம் திருப்பும்போது மட்டும் தலையை உதறுகிறான். இப்போது போட்டிருப்பது நடுவில் ஒரே மூட்டுள்ள மெல்லிய ஸ்நாஃபிள் (நெம்புகோல் தண்டு இல்லாத எளிய வாய்க்கம்பி), அவனோடு வந்தது. உதட்டோரம் சற்றுத் தேய்ந்து சிவந்திருக்கிறது.

தாடைச் சங்கிலியோடு கூடிய நீண்ட கர்ப் (இரு பக்கமும் நெம்புகோல் தண்டுள்ள வாய்க்கம்பி) போட்டால் அடங்கிவிடுவான் என்று சேணக் கடையில் சொல்கிறார்கள். முறுக்குக் கம்பி போடச் சொல்பவர்களும் உண்டு. இவை இரண்டையும் அவன் வாயில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. மென்மையாகவும் இருந்து, அவனை நிறுத்தவும் உதவும் கம்பி எதுவென்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: கால்நடை மருத்துவர், நாமக்கல்

அம்மா, கம்பி வாங்கும் முன் அவன் வாயைப் பார்த்துவிடுங்கள். இடப்பக்கம் திருப்பும்போது மட்டும் தலையை உதறுகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை இந்தப் பதிலை எழுத வைத்தது. கம்பி இரு பக்கமும் ஒன்றுபோல இருக்க, ஒரு பக்கம் மட்டும் நோகிறதென்றால், காரணம் வாய்க்குள் இருக்கிறதா என்றுதான் முதலில் தேட வேண்டும்.

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு. வாய்க்கம்பி அமர்வது அங்கேதான். கீழ்த்தாடையில் அந்த இடத்து எலும்பு விளிம்பு குறுகிக் கூராக இருக்கும். அதன் மேல் மெல்லிய ஈறு போர்த்தியிருப்பதைத் தவிர வேறு சதைப்பிடிப்புக் கிடையாது. மேல்தாடையில், கடைவாய் வரிசைக்குச் சற்று முன்னால், ஓநாய்ப் பல் என்று நாங்கள் சொல்லும் சிறு பல் சில குதிரைகளுக்கு இருக்கும். பல நேரம் அது பட்டாணி அளவுகூட இராது. சிலவற்றில் ஈறைப் பிளந்து வெளிவராமல் உள்ளேயே புதைந்து கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் ஈறின் அடியில் கெட்டியான ஒரு முண்டு தட்டுப்படும். கம்பியோ, கம்பி தள்ளும் உதட்டுச் சதையோ அதில் மோதும் ஒவ்வொரு முறையும் குதிரை தலையை உதறத்தான் செய்யும்.

இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது. அதனால் கடைவாய்ப் பற்கள் முழுப் பரப்பும் சமமாகத் தேயாமல், மேல் வரிசையின் வெளி விளிம்பும் கீழ் வரிசையின் உள் விளிம்பும் கத்திமுனைபோலக் கூராகிவிடும். மூக்குப்பட்டையை இறுக்கிக் கட்டினால் கன்னத்தின் உட்சதை அந்தக் கூர்மேல் அழுந்திக் கிழிகிறது. வாயைத் திறக்கிறான் என்று பட்டையை இன்னும் இறுக்குவது அவனைக் கூடுதலாக வதைப்பதாகும். மயக்க ஊசி போட்டு, வாய்விரிப்பான் மாட்டி, அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தும் மருத்துவரை அழைத்துக்கொள்ளுங்கள். நீங்களே கடைவாய்வரை கைவிட வேண்டாம்.

மறுமொழி 2: குன்னூர்ப் பயிற்சியாளர்

மருத்துவர் சொன்னதை முடித்த பிறகு கம்பிக்கு வாருங்கள் சகோதரி. ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளைச் சவாரிக்குப் பழக்குவதுதான் என் வேலை. உங்கள் குதிரை முரடன் அல்ல. அவன் கற்ற பாடத்தை ஒழுங்காகச் செய்கிறான். பந்தயப் பயிற்சியில் வாரின் இறுக்கத்தில் சாய்ந்துகொண்டே ஓடத்தான் இவர்கள் பழகுகிறார்கள். நீங்கள் நிறுத்துவதற்காக இழுக்கும்போது, ஓடச் சொல்கிறீர்கள் என்று அவன் புரிந்துகொள்கிறான். இதைக் கடுமையான கம்பியால் மாற்ற முடியாது.

கர்ப் பற்றிக் கடைக்காரர் கணக்குச் சொல்லியிருக்க மாட்டார். வாய்க்கம்பிக்கு மேலே 4 செ.மீ., கீழே 8 செ.மீ. நீளமுள்ள பக்கத் தண்டோடு அது இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கிலி இறுகிய நிலையில் நீங்கள் 1 கிலோ விசையில் இழுத்தால், வாய்க்குள் அது ஏறத்தாழ 3 கிலோவாக இறங்கும். தாடைக்கடியில் சங்கிலி 2 கிலோ விசையில் அழுத்தும். கை நன்றாகப் பழகியவர், நன்றாகப் பழகிய குதிரையிடம், ஒரு விரல் அசைவில் பேசுவதற்கான கருவி அது. இழுத்து ஓடும் குதிரையில் மாட்டினால், திடுக்கிட்டு இழுக்கும் ஒரு கணத்தில் வாய் புண்ணாகிவிடும்.

ஒரே மூட்டுக் கம்பியை இரு வாரிலும் சேர்த்து இழுத்தால் அது பாக்குவெட்டிபோல மடியும். நடுவில் வழவழப்பான சிறு துண்டோடு இரண்டு மூட்டுள்ள எக்பட் ஸ்நாஃபிளை (பக்க வளையம் நழுவாமல் பொருந்திய வகை) நான் தேர்ந்தெடுப்பேன். அது நாவின் மேல் வளைந்து படியும், வளையம் உதட்டோரத்தைக் கிள்ளாது. தடித்த கம்பி அழுத்தத்தைப் பரப்பும் என்பது உண்மைதான். ஆனால் தரோபிரெட்டுகளில் பலவற்றுக்கு வாய்க்குள் இடம் குறைவு. நாவே அதை நிறைத்திருக்க, 20 மி.மீ. கம்பியைத் திணித்தால் வாயை மூட முடியாமல் தவிக்கும். 14 முதல் 16 மி.மீ. வரை பாருங்கள்.

அகலத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். வழவழப்பான மரக்குச்சி ஒன்றை, கம்பி இருக்கும் இடத்தில் வாயின் குறுக்கே வைத்து, இரு உதட்டோரத்திலும் குறியிட்டு அளந்து, அதோடு 1 செ.மீ. சேர்த்து வாங்குங்கள். அகலம் கூடினால் கம்பி பக்கவாட்டில் நழுவி மூட்டு ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். குறைந்தால் உதட்டைக் கிள்ளும். முலாம் உரிந்த கம்பியைக் கையாலும் தொடாதீர்கள், உரிந்த விளிம்பு பிளேடு மாதிரி. துருப்பிடிக்காத எஃகே போதும். எங்கள் ஊரில் மார்கழிக் காலையில் கம்பியை உள்ளங்கையில் சூடாக்கிய பிறகுதான் வாயில் வைப்போம்.

மறுமொழி 3: கடற்கரைச் சவாரி

முறுக்குக் கம்பியை நினைக்கவே வேண்டாம். முட்கள், முண்டுகள், கூரான பகுதிகள் உள்ள கடிவாளத்தைச் சவாரிக்கோ வண்டிக்கோ பயன்படுத்துவதை 1965ஆம் ஆண்டின் பொதி, வண்டி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளில் 8ஆவது விதி தடை செய்திருக்கிறது. முறுக்குக் கம்பி வாய்க்குள் செய்யும் வேலையும் அதுவே. என் குதிரைக்குக் கம்பியே இல்லாத ஹாக்கமோர் போட்டிருக்கிறேன், நீங்களும் முயலலாமே?

மறுமொழி 4: குன்னூர்ப் பயிற்சியாளர்

கம்பியில்லாக் கடிவாளம் நல்ல வழிதான். ஆனால் பக்கத் தண்டுகளும் சங்கிலியும் உள்ள ஹாக்கமோரும் நெம்புகோலே; மூக்கெலும்பின் மெல்லிய நுனியில் இறங்கிவிட்டால் வலி குறைவாக இராது. மூக்குப்பட்டையின் பக்கவளையங்களில் வார் கோத்த எளிய வகையே போதும். முதல் சில வாரங்கள் வேலியிட்ட சிறு களத்திலேயே ஓட்டுங்கள். ‘நில்’ என்ற குரலும், முதுகை நிமிர்த்தி மூச்சை விட்டு அமர்வதும் முதலில், வார் கடைசியில். அவன் வேகம் குறைத்த அந்த நொடியே வாரைத் தளர்த்திவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: ஆனைமலைத் தோப்பு (மூன்று வாரங்களுக்குப் பின்)

அனைவருக்கும் நன்றி. மருத்துவர் வந்து பார்த்தார். மேல்தாடையின் இடப்பக்கத்தில், ஈறுக்குள் புதைந்த ஓநாய்ப் பல் இருந்தது. எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அரிசியைவிடச் சற்றே பெரியது. கன்னத்தின் உட்புறத்தில் பழைய வெட்டுத் தழும்புகளும் இருந்தன. கடைவாய்ப் பற்களைத் தேய்த்துச் சமப்படுத்தினார். குச்சியால் அளந்தபோது வாயின் அகலம் 12.5 செ.மீ. வந்தது, இத்தனை நாள் போட்டிருந்த கம்பியோ 14.5 செ.மீ. இதை நான்கு மாதம் கவனிக்காமல் இருந்ததற்காக வருந்துகிறேன்.

புண் ஆறும்வரை கம்பியில்லாமல் தரையில் நடத்தினேன். இப்போது 13.5 செ.மீ. அகலத்தில் இரண்டு மூட்டு எக்பட் போட்டிருக்கிறேன். மூக்குப்பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைகிறது. ட்ராட்டில் வாய் மூடியே இருக்கிறது, இடப்பக்கம் உதறலும் நின்றுவிட்டது. லாயத்தை நோக்கித் திரும்பும்போது மட்டும் கம்பியில் சாய்கிறான். அங்கே குரலும் தளர்வுமாகப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். கேன்டரை அடுத்த மாதத்திற்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.