அப்பா வண்டியும் ரோஸ்மில்க்கும்

குழு: அல்சூர் பெரிய வீடு

ஞாயிறு

நான் (மாலை 6:42): கிருஷ்ணகிரி கல்யாணத்திலிருந்து திரும்பும்போது அத்திப்பள்ளி தாண்டி வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் ஓடுகிறது. ஆட்டோமேட்டிக் கியரை டி-யில் போட்டு மிதித்தால் முள் 3000 வரை ஏறுகிறது, வண்டி ஓர் அடி நகரவில்லை. ரிவர்ஸும் இல்லை.

அம்மா (6:44): பிள்ளைகள் சாப்பிட்டார்களா?

நான் (6:45): சாப்பிட்டாச்சு அம்மா. அவளும் பிள்ளைகளும் பஸ் ஏறிவிட்டார்கள். நான் மட்டும் வண்டியோடு நிற்கிறேன். லாரிக்காரர் ஒருவர் கயிறு கட்டி இழுத்துத் தருகிறேன் என்கிறார்.

மாமா (6:46): மாப்ளே வேண்டாம்!! கயிறு கட்டாதே. ஆட்டோமேட்டிக்கில் எஞ்சின் நின்றால் கியர்பாக்ஸ் பம்ப்பும் நின்றுவிடும். சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே எண்ணெய் போகாமல் உரசும். முழு வண்டியையும் தூக்கி மேலே வைக்கும் ஃப்ளாட்பெட் கூப்பிடு.

நான் (6:58): சிவாஜிநகர் வரை 4,500 கேட்கிறான்.

மாமா (6:58): கொடு.

பாபு (7:03): அண்ணா, இன்ஷூரன்ஸில் கிடைக்காதா?

மாமா (7:05): எங்கேயாவது இடித்திருந்தால் கிடைக்கும். இயந்திரம் தானாகக் கெட்டுப்போனால் சாதாரண பாலிசியில் ஒரு பைசா வராது.

மாமா (7:06): மாப்ளே, ஃப்ளாட்பெட் வருவதற்குள் பானெட்டைத் திற. எஞ்சினை அணைத்துச் சூடு ஆறிய பிறகு கூலன்ட் டப்பாவைப் படம் எடுத்துப் போடு.

நான் (7:31): 📷

தில்லி அக்கா (7:32): இது என்னடா, ரோஸ்மில்க் ஊற்றி வைத்திருக்கிறாய்?

மாமா (7:34): நினைத்தேன். கியர்பாக்ஸ் எண்ணெயின் நிறம் சிவப்பு. அது சூடாகாமல் இருக்க ரேடியேட்டருக்குள்ளேயே ஒரு சின்ன கூலர் இருக்கும். எண்ணெய் ஒரு பக்கம், தண்ணீர் மறு பக்கம், நடுவில் மெல்லிய உலோகம். அது அரித்து ஓட்டையானால் இரண்டும் கலந்து இப்படி ஆகும்.

மாமா (7:36): கியர்பாக்ஸுக்குள் கிளட்ச் தட்டுகளில் காகிதம் மாதிரி ஒரு படலம் ஒட்டியிருக்கும். தண்ணீர் பட்டால் அந்தப் பசை விட்டுவிடும். உரிந்த துணுக்கெல்லாம் எண்ணெயைப் பிரித்து அனுப்பும் வால்வு பாடியில் போய் அடைக்கும். இனி எண்ணெய் மாற்றிப் பயனில்லை, பெட்டி முடிந்தது.

மாமா (7:37): சமீபத்தில் கூலன்ட் குறைந்ததா? உண்மையைச் சொல்.

நான் (7:41): ஆறு மாதமாகக் குறைந்தது. கீழே ஒரு சொட்டுகூட இல்லை, அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாமா (7:41): கீழே எப்படி இருக்கும்? கியர்பாக்ஸ் குடித்திருக்கிறது. நீ என்ன ஊற்றினாய்?

நான் (7:44): வீட்டு போர் தண்ணீர்.

பாபு (7:44): 🤦

மாமா (7:45): நம் வீட்டு போர் தண்ணீரில் கீசரே இரண்டு வருஷம் தாங்குவதில்லை மாப்ளே.

அம்மா (7:49): அந்தத் தண்ணீரில்தான் முப்பது வருஷம் உங்கள் எல்லோருக்கும் சோறு பொங்கினேன்.

செவ்வாய்

நான் (காலை 11:20): கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் புதுப் பெட்டிக்கு 3,40,000, வர ஐந்து வாரம். பழைய வண்டி வாங்குகிறவர் இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்கிறேன் என்று 60,000 சொல்கிறார். ஓடும் வண்டியாக இருந்தால் இரண்டரை லட்சம் போகுமாம்.

தில்லி அத்தான் (11:34): 2012 டீசலுக்கு ஏன் செலவு செய்கிறாய் மச்சான்? கொடுத்துவிடு.

நான் (11:36): அத்தான், அது உங்கள் ஊர்க் கணக்கு. டீசல் 10 வருஷத்துக்கு மேல் ஓடக்கூடாது என்று உத்தரவு போட்டது தில்லிக்கும் சுற்றுவட்டாரத்துக்கும்தானே. இங்கே ஆர்சி 15 வருஷம். 2027-இல் எஃப்சி காட்டி, கட்டணம் கட்டினால் இன்னும் ஐந்து வருஷம் ஓட்டலாம்.

பாபு (11:40): மேனுவலாக மாற்றிவிடலாமே?

மாமா (11:48): பெடல், கிளட்ச், ஃப்ளைவீல், வயரிங், ஈசியூ என்கிற எஞ்சின் கணினி எல்லாம் மாற்ற வேண்டும். அரைகுறையாகச் செய்தால் ஆயுசுக்கும் எஞ்சின் லைட் எரியும். அப்புறம் உன் அப்பா 2012-இல் ஆட்டோமேட்டிக் ஏன் வாங்கினார் என்று ஞாபகம் இருக்கிறதா?

அம்மா (11:52): இடது முழங்கால்.

அம்மா (11:52): கிளட்ச் மிதிக்க முடியவில்லை என்று.

(இதற்குப் பிறகு ஒரு மணி நேரம் குழுவில் யாரும் எதுவும் போடவில்லை.)

தில்லி அத்தான் (மதியம் 1:05): சரி மச்சான், செய். ஒன்று சொல்கிறேன். இங்கே மாயாபுரியில் பத்து வருஷ டீசல் வண்டிகள் நிறைய உடைபடுகின்றன. அங்கே பெட்டி கிடைக்கும். நான் விசாரிக்கட்டுமா?

நான் (1:10): ஜே.சி. ரோட்டிலேயே ஒன்று இருக்கிறது அத்தான். தில்லியிலிருந்து வந்த சரக்கு என்றுதான் கடைக்காரரும் சொல்கிறார். எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் கன்வெர்ட்டரோடு 72,000.

மாமா (1:12): பெட்டியின் மேல் இருக்கும் தகட்டைப் படம் எடுத்துப் போடு. முன்பணம் கொடுக்காதே.

நான் (1:40): 📷

மாமா (1:52): கடைசி இரண்டு எழுத்து வேறு. இது பெட்ரோல் பெட்டி.

நான் (1:53): பார்க்க அச்சு அசல் ஒன்றாக இருக்கிறதே மாமா. போல்ட் ஓட்டைகூடப் பொருந்தும் என்கிறார்.

மாமா (1:55): மாட்டலாம், ஓட்ட முடியாது. டீசல் குறைந்த சுற்றிலேயே முரட்டுத்தனமாக இழுக்கும். அதற்கேற்றபடி கன்வெர்ட்டரும் உள்ளே பல் கணக்கும் வேறாக இருக்கும். டீசல் பெட்டி காட்டச் சொல், இல்லையென்றால் கிளம்பு.

நான் (மாலை 4:18): குடோனிலிருந்து வேறு ஒன்று கொண்டுவந்தார். நம்பர் சரி. எண்ணெய் சொட்டைத் துணியில் தொட்டுப் பார்த்தேன். சிவப்புதான், தீய்ந்த வாடை இல்லை. அதே விலை.

மாமா (4:20): எடு. கூடவே புது ரேடியேட்டர். பழையதைக் கழுவிப் போடலாம் என்று மெக்கானிக் பாய் சொன்னாலும் கேட்காதே. கூலர் பைப் இரண்டையும் நன்றாக ஃப்ளஷ் செய்யச் சொல். ரப்பர் ஹோஸை அமுக்கிப் பார், எண்ணெய் குடித்துப் பஞ்சு மாதிரி இருந்தால் அதையும் மாற்று. புதுப் பெட்டியைப் போட்டு பழைய ரேடியேட்டரை விட்டவர்கள் மூன்றே மாதத்தில் திரும்பி வந்ததை டிப்போவில் நானே பார்த்திருக்கிறேன்.

வெள்ளி

நான் (மதியம் 12:15): இன்று முழுக்க பாய் பக்கத்திலேயே நிற்கிறேன். எஞ்சினை மேலிருந்து சங்கிலியில் தொங்கவிட்டு, பெட்டியைக் கீழே இறக்கிவிட்டார்கள். பழைய பெட்டியின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டைக் கழற்றினால் அதே ரோஸ்மில்க், அடியில் கரும் சேறு. காந்தத்தில் இரும்புத் தூள் மீசை மாதிரி ஒட்டியிருக்கிறது.

மாமா (12:17): பெட்டி வெளியே இருக்கும்போதே எஞ்சின் பின்பக்க ஆயில் சீலை மாற்றிவிடச் சொல். பிறகு அதற்காக மறுபடி இறக்க முடியாது.

நான் (12:19): சொல்லிவிட்டேன். சீல், மவுண்ட் எல்லாம் சேர்த்து 6,000.

நான் (3:02): கன்வெர்ட்டரை ஏற்றும்போது பாய் ரேடியோவை அணைக்கச் சொன்னார். இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் திருப்பித் தள்ளுகிறார். டக். கொஞ்சம் திருப்பி, மறுபடி டக். எனக்கு முடிந்தது போலத்தான் இருந்தது. அவர் தலையாட்டினார், இன்னொன்று இருக்கிறதாம். மூன்றாவது டக் வந்த பிறகு ஸ்கேல் வைத்து ஆழம் அளந்தார்.

மாமா (3:05): நல்ல கை. மூன்றாவது படி இறங்காமல் போல்ட் முறுக்கினால் பம்ப் அங்கேயே உடையும். அவசரக்காரர்கள் பாதிப் பேர் அதில்தான் மாட்டுகிறார்கள்.

பாபு (3:30): மொத்தம் எவ்வளவு அண்ணா?

நான் (3:41): பெட்டி 72,000, ரேடியேட்டர் 9,500, எண்ணெய் 12 லிட்டர் 8,400, சீல் மவுண்ட் 6,000, கூலி 18,000. ஆக 1,13,900. ஃப்ளாட்பெட் தனி.

மாமா (3:44): எண்ணெய் அளவை எஞ்சின் ஓடும்போது, சொன்ன சூட்டில்தான் பார்க்க வேண்டும். பிறகு ஸ்கேனர் போட்டு, பழைய பெட்டிக்கு ஏற்ப கணினி பழகிவைத்த கியர் கணக்கை ரீசெட் செய்யச் சொல். முதல் சில நாள் கொஞ்சம் உதறும், பயப்படாதே.

சனி

நான் (காலை 9:50): சிவாஜிநகரிலிருந்து ஹெப்பாள் வரை போய்த் திரும்பினேன். மேம்பாலம் ஏறும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு ஒரு சின்ன உதறல். மற்றபடி வெண்ணெய். கூலன்ட் டப்பா பச்சையாக இருக்கிறது 📷

தில்லி அக்கா (9:52): அப்பாடா.

அம்மா (9:58): அப்படியானால் சாயங்காலம் சோமேசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போ.

மாமா (10:03): மாப்ளே, டிக்கியில் இருந்த தண்ணீர் கேன் என்ன ஆச்சு?

நான் (10:04): எடுத்துவிட்டேன் மாமா. அம்மாவின் செம்பருத்திக்கு ஊற்றியாச்சு.