ஒன்பது நாள் பயணம்: பூனைகளை யாரிடம் விடுவது?

கறுப்புவால்
வீட்ல ரெண்டு பேர். பெரியவனுக்கு எட்டு வயசு, போன வருஷம் மூத்திரம் அடைச்சு, டியூப் போட்டுப் பிழைச்சவன். சின்னவ காலிங் பெல் அடிச்சாலே கட்டிலுக்கு அடியில. ஒன்பது நாள் எல்லாரும் வெளியூர் போறோம். பக்கத்து வீட்டுக் காலேஜ் பொண்ணு "நான் பாத்துக்கறேன் ஆன்ட்டி"ங்கறா. வீட்டுக்காரர், பூனைங்களைத் தங்க வெச்சுப் பாத்துக்கற போர்டிங்ல விடலாம்ங்கறார். வீட்டுக்கே வந்து பாத்துக்கற பெட் சிட்டர் ஒருத்தங்ககிட்டயும் பேசியிருக்கேன். நானே இப்ப மதில்மேல் பூனைதான்.

படிக்கட்டு
இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? பூனை நாயல்ல, யாரும் நடத்திக் கூட்டிப்போக வேண்டாம். நேரத்துக்கு உணவு கொட்டும் மெஷின் ஒன்று, தண்ணீர் இரண்டு மூன்று இடத்தில், கூடத்தில் ஒரு கேமரா. அந்தப் பெண் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து லிட்டரை, அதாவது பூனை ஒன்றுக்கும் இரண்டுக்கும் போகும் மணலை, அள்ளினால் போதும். நான் பல வருடமாக இப்படித்தான் போய்வருகிறேன்.

மூன்றாம்ஜாமம்
படிக்கட்டு சார், உங்கள் பூனைக்கு அடைப்பு வந்ததில்லை, அதனால் சொல்கிறீர்கள். மெஷின் கொட்டும், யார் தின்றது என்று சொல்லாது. இரண்டு பூனை இருக்கும் வீட்டில் ஒன்று பட்டினி கிடந்தாலும் கிண்ணம் காலியாகத்தான் இருக்கும். பூனை, அதிலும் குண்டுப் பூனை, இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு ஏறத் தொடங்கலாம். ஆண் பூனைக்கு மூத்திரம் முழுதாக அடைத்துவிட்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். ஒருநாள் விட்டு ஒருநாள் வருபவர் எதைக் கண்டுபிடிப்பார்?

போன பயணத்தில் என் சிட்டர் தினமும் லிட்டர் பாக்ஸைப் படமெடுத்து அனுப்பினார். முதலில் சிரித்தேன். நாலாம் நாள் படத்தில், மூத்திரத்தில் இறுகிய பெரிய மணற்கட்டி மூன்று இருக்க வேண்டிய இடத்தில் கோலிக்குண்டு அளவில் ஏழெட்டு; சொட்டுச் சொட்டாகத்தான் போயிருக்கிறான். போன் பண்ணுவதற்குள் அவரே கேரியரை எடுத்துவிட்டார். அன்று சாயங்காலமே டாக்டரிடம் காட்டியதால் பிழைத்தான்.

வெள்ளைப்பாதம்
நல்ல சிட்டர் கிடைச்சா சரி. எனக்குக் கிடைச்சவர் முதல் நாள் வந்து பத்து போட்டோ எடுத்துக்கிட்டு, அதையே நாலு நாளா பிரிச்சுப் பிரிச்சு அனுப்பினார். ஜன்னல்ல வெயில் விழற இடம் எல்லாப் படத்துலயும் ஒண்ணுபோலவே இருந்ததை வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன். சாவியைக் கொடுத்துட்டுத் தூக்கம் வராம கிடக்கிறதுக்கு, டாக்டரே நடத்துற போர்டிங் மேல். அடைப்புன்னா அங்கேயே டியூப் போட்டுடுவாங்க. பெரியவனுக்கு இதுதான் சரி.

மூன்றாம்ஜாமம்
பெரியவனுக்குச் சரி, சின்னவள்? பூனைக்கு இடம்தான் எல்லாம். கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தன் வாசனையைப் பூசிவைத்த வீடு அது. அங்கிருந்து தூக்கி, நாலு புறமும் அந்நியப் பூனைகள் கத்தும் கூண்டில் வைத்தால் மிரண்டுவிடும். முன்பு ஹெர்பிஸ் வைரஸ் தொற்றிய பூனைக்கு அந்த மிரட்சியிலேயே தும்மலும் கண்ணீரும் திரும்ப வரலாம், தடுப்பூசி போட்டிருந்தாலும்தான். 2014-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, நெதர்லாந்தில் காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளை வைத்து ஆராய்ந்தார்கள். இடம் மாறியதில் அவை எவ்வளவு பதறின என்று படித்துப் பாருங்கள்.

வெள்ளைப்பாதம்
அதை நானும் படிச்சிருக்கேன், அது என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்லுது! ஒளிஞ்சுக்க ஒரு பெட்டி கொடுத்த பூனைங்க மூணு நாலு நாள்ல தெளிஞ்சுது. பெட்டி இல்லாததுங்க ரெண்டு வாரத்துலதான் அந்த நிலைக்கு வந்துது. கூண்டுக்குள்ள ஒரு பெட்டி வைப்பீங்களான்னு கேட்டாப் போதும்.

மூன்றாம்ஜாமம்
சரி, பெட்டி விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் ஒன்பது நாளில் முதல் மூன்று நாள் பயத்திலேயே போகிறதே. சாப்பிடாமல் போவதும் அந்த மூன்று நாளில்தான்.

கறுப்புவால் அவர்களே, அந்தப் பெண்ணிடமும் சிட்டரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "வந்து பார்க்கும்போது சின்னவளைக் காணோம் என்றால் என்ன செய்வீர்கள்?" கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து எடுப்பேன் என்பவர் வேண்டாம். வழக்கமாக எங்கே ஒளிவாள் என்று திருப்பிக் கேட்பவரை விடாதீர்கள்.

படிக்கட்டு
ஒருநாள் விட்டு ஒருநாள் என்றதைத் திரும்பப் பெறுகிறேன். தினமும் இரண்டு வேளை வரட்டும். மெஷினை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன், யாராவது வர நேரமானால் அதுதான் கைகொடுக்கும். யார் வந்தாலும் வீட்டில் லில்லிப் பூ இருக்கக்கூடாது என்று சொல்லிவையுங்கள். மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும்.

வெள்ளைப்பாதம்
சிட்டரா இருந்தா டாக்டர்கிட்ட இப்பவே எழுதிக் கொடுத்துட்டுப் போங்க: நான் போன் எடுக்கலைன்னாலும் வைத்தியத்தை ஆரம்பிங்க, இவ்வளவு வரைக்கும் செலவுக்குச் சம்மதம்னு. விமானத்துல இருக்கும்போதுதான் எல்லாம் நடக்கும்.

கறுப்புவால்
ரெண்டு பேரையும் வீட்டுக்கு வரச் சொல்லிப் பாத்தேன். பொண்ணு வந்ததும் "செல்லம், வா வா"ன்னு தரையில படுத்துக் கூப்பிட்டா, சின்னவ ராத்திரி வரைக்கும் வெளியவே வரலை. சிட்டர் பூனைங்களைத் திரும்பியே பாக்கலை. பையை வெச்சுட்டு நேரா லிட்டர் பாக்ஸ் பக்கம் போய்க் குனிஞ்சு பாத்துட்டு, "பெரியவன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவான்?"னு கேட்டாங்க. எட்டு வருஷமா வளர்க்கிறேன், பதில் தெரியலை. அவங்களையே முடிவு பண்ணிட்டேன். பொண்ணு கோவிச்சுக்கிட்டா, அவளை அப்புறம் சமாதானப்படுத்தணும்.

அவங்களுக்குப் பதில் சொல்றதுக்காக பாத்ரூம் வாசல்ல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கேன். நேத்து அவன் மூணு தடவை. இன்னிக்கு இதுவரைக்கும் ஒண்ணு.